உங்களுக்குப் பிறகும் நீங்கள்தான்

இன்று எங்கள் குடியேற்றத் திட்டத்துக் கமக்காரர் சங்கத் தலைவரைப் பார்க்கப் போனோம். காடு வெட்டி வயலாக்கிய காலந்தொட்டு அவர்தான் தலைவர்; யாருடைய வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் என்பதும் அவர் சொல்தான். கிளிநொச்சி ஆசுபத்திரியிலிருந்து திரும்பியவரைப் பார்க்க ஊரே மாலையோடு திரண்டிருந்தது.

கதிரையில் சாய்ந்திருந்தவர் திடீரென்று கேட்டார்:

"எனக்குப் பிறகு ஆர் இதைப் பாக்கிறது?"

எல்லாரும் கையிலிருந்த மாலையைப் பார்த்துக்கொண்டார்கள். போன வருடம் தேத்தண்ணிக் கடையில் இதே கேள்வியைக் கேட்டவரின் வயலுக்கு அந்தப் போகம் முழுக்கத் தண்ணீர் போகவில்லை.

தலைவரின் பார்வை என் கணவரில் வந்து நின்றது.

"தம்பி, நீர் சொல்லும்."

நான் பின்னாலிருந்து இவருடைய சால்வையை இழுத்தேன். எங்கள் நெல் கதிர் தள்ளும் நேரம். தண்ணீர் நின்றால் எல்லாம் பதர்தான்.

"உங்களுக்குப் பிறகும் நீங்கள்தான் ஐயா," என்றார் இவர்.

சனம் கைதட்டியது. எனக்கு உயிர் வந்தது.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. கைதட்டல் அடங்குமுன் மெல்லச் சொன்னார்:

"எல்லாரும் இதைத்தான் சொல்லுறியள். எனக்குப் பயமாக் கிடக்கு."

பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டுந்தான் அது கேட்டது.

"ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாத," என்று வழி முழுக்க இவர் என்னைக் கெஞ்சிக்கொண்டு வந்தார்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். நீங்களென்றால் யார் பெயரைச் சொல்லியிருப்பீர்கள்? பதிலை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.