டோலிக்காரர் சங்கிலிப்பாண்டியின் மூச்சு

சங்கிலிப்பாண்டிக்கும் தாணுவுக்கும் சேர்த்து நாளைக்கு ஒரு கட்டு பீடி. கட்டில் இருபத்தைந்து இருக்கும். ஆளுக்குப் பன்னிரண்டு போக மிஞ்சுகிற ஒன்றை, முதல் பாதி சங்கிலிப்பாண்டி, பின் பாதி தாணு என்று இழுத்துத் தீர்ப்பார்கள். பின் பாதியில்தான் காரம் என்பது தாணுவின் கட்சி. 1922-ல் இருவரும் ஒரே டோலிக்குத் தோள் கொடுத்த நாளிலிருந்து பதினான்கு வருஷம் இதில் மாற்றம் இல்லை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், மலையைப் பார்க்க ஆசையும் ஏற மனசில்லாமையுமாக எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து இறங்குவார்கள். துரைமார், ஜமீன் வீட்டார், வக்கீல்கள். அவர்களை நாற்காலியோடு மூங்கிலில் கட்டித் தூக்கி, பேரருவிக்கு மேலே, அருவியும் அம்மன் கோயிலும் இருக்கிற செண்பகதேவி வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு இறக்குவது டோலிக்காரர் வேலை. மேலே போய்ச் சேர்ந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து வந்தவர்தான் 'அப்பாடா' என்று பெருமூச்சு விடுவார். தூக்கி வந்தவர்கள் பேசாமல் பீடி பற்றவைப்பார்கள்.

இரண்டு பேர் தூக்குகிற டோலியில் பின்னால் வருகிறவருக்குப் பாதை தெரியாது. கண்ணுக்கு நேரே நாற்காலியின் முதுகுதான். அதனால் முன்னால் போகிறவர் காலடியில் இருப்பதைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். "கல்லு" என்பார். பின்னால் வருகிறவர் "ஆச்சு" என்பார். "வேரு." "ஆச்சு." "வழுக்கு." "ஆச்சு." பதில் வராமல் முன்னவர் அடுத்த அடி வைக்கக் கூடாது. முன்னால் சங்கிலிப்பாண்டி, பின்னால் தாணு. தாணுவின் கால்கள் சங்கிலிப்பாண்டியின் மூச்சை நம்பி நடந்தன.

அந்த மூச்சு 1936 ஆடி மாதம் காலை வாரிவிட்டது. எழுந்ததும் இருமல், ஏற்றத்தில் இழுப்பு என்று இரண்டு வருஷமாகவே அடையாளம் காட்டிக்கொண்டிருந்ததுதான். அன்றைக்குக் கனத்த சரீரமுள்ள ஓர் அம்மாளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். செண்பகதேவிக்குப் பாதி வழியில், கோடையிலும் ஈரம் காயாத ஒரு பாறை உண்டு. அதில் கால் வைக்கும்போது "வழுக்கு" என்று சொல்ல சங்கிலிப்பாண்டி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கால் மட்டும் பழக்கத்தில் முன்னே போய்விட்டது. தாணு வழுக்கி விழுந்து முழங்கால் பிளந்தது. அந்த அம்மாளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அவள் போட்ட கூப்பாடு தென்காசி மொட்டைக் கோபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். சங்கிலிப்பாண்டியின் காதில் அது ஏறவே இல்லை. தாணுவின் முழங்காலில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கத்தில் செத்துப்போனார்.

அவர் மனைவி குருவம்மாள் ஒரு பங்களாவில் பெருக்கித் துடைக்கிறவள். எதையும் இரண்டு தரம் யோசிக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. "ஏறி ஏறித்தான் உங்க மூச்சு தேஞ்சு போச்சு. இனி ஒரு அடி மேல ஏறப்பிடாது, சொல்லிட்டேன்" என்றாள்.

மூச்சு என்பது செருப்பு மாதிரி தேய்கிற சாமான் என்றுதான் தெருவே நம்பிற்று. பீடியை ஒருவரும் சந்தேகப்படவில்லை. எப்படிச் சந்தேகப்படுவது? தாணுவும் அதே கட்டிலிருந்து அதே பன்னிரண்டரை இழுக்கிறார், அவருக்கு ஒன்றும் இல்லையே! ஏற்றத்துக்கு முன்னால் ஒரு பீடி இழுத்தால்தான் நெஞ்சு திறக்கும் என்று டோலிக்காரர்கள் சொல்லிக்கொள்வது வேறு.

தான் வேலை பார்த்த பங்களாவிலேயே அவருக்குக் காவல் வேலை பிடித்துக் கொடுத்தாள் குருவம்மாள். வாசலில் ஒரு முக்காலி. கேட்டைத் திறக்க வேண்டும், மூட வேண்டும், மற்ற நேரம் உட்கார வேண்டும். அதோடு விடவில்லை. தென்காசிக் கடைத்தெருவுக்குப் போய் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெண்கல மணி வாங்கி வந்தாள். "அவருக்கு மூச்சு சரியாகட்டும் தாயே. சித்ரா பௌர்ணமிக்கு அவரே நடந்து வந்து ஒன் வாசல்ல கட்டுவாரு" என்று செண்பகதேவி அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். மணி அரிசிப் பானைக்குள் போயிற்று. உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் அவள் கை பட்டு லேசாக ஒலிக்கும்.

முதல் இரண்டு மாதம் இருமல் குறைந்ததுபோல்தான் இருந்தது. குருவம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குப் பொழுது போக வேண்டாமா? பங்கு கேட்கத் தாணு பக்கத்தில் இல்லை. இருபத்தைந்து பீடியும் அவருக்கே என்றாயிற்று. முதல் சித்ரா பௌர்ணமி வந்தபோது "இன்னும் கொஞ்சம் தேறட்டும்" என்றாள். அடுத்த வருஷமும் அதையே சொன்னாள். அதற்குள் கேட்டிலிருந்து கிணற்றுக்குப் போவதற்கே அவர் நடுவில் ஒரு தரம் நிற்க வேண்டியிருந்தது. தாணுவோ முழங்கால் ஆறியதும் வேறு ஆளோடு ஏறத் தொடங்கியிருந்தார். அவருக்கும் விடிந்தால் இருமல்தான், சளிதான். ஆனாலும் ஏறினார்.

1938 சாரலுக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு டாக்டர் பங்களாவில் வந்து தங்கினார். கிளம்புகிற அன்று, கேட்டைத் திறந்துவிட்டு இளைத்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து, கட்டின பெட்டியை அவிழ்த்துக் குழாயை எடுத்து நெஞ்சில் வைத்துக் கேட்டார்.

"மலை ஏறிக்கிட்டிருந்த ஆளா நீர்? உம்மை யாரு உக்காரச் சொன்னா?"

டாக்டர் குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"பீடி நெஞ்சைக் கெடுத்துச்சு. ஏதோ ஏறி இறங்கினதுல அது மெதுவாக் கெட்டுச்சு. நீர் உக்காந்ததும் வேகமாக் கெட்டுது. முதல்ல பீடியை விடும். பிறகு எழுந்து நடையும். இன்னைக்கு அந்த மாமரம் வரைக்கும், நாளைக்கு அதுக்கு ரெண்டடி மேல. போன மூச்சு முழுசாத் திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தலாம்."

டாக்டர் மறுபடி உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார். சங்கிலிப்பாண்டி முக்காலியில் உட்கார்ந்தார். எழுந்து நடந்தால் குருவம்மாள் ஏன் என்று கேட்பாள். சொன்னால், புருஷனை உட்காரவைத்துக் கெடுத்தவள் தான்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். பானையில் மணியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது? அவர் சொல்லவில்லை. பீடியையாவது விட்டிருக்கலாம். அதையும் விடவில்லை. அதற்கு ஒரு சாக்கும் கிடையாது. சும்மா இருக்கிற கை பீடியைத் தேடிற்று, அவ்வளவுதான்.

அந்த வாரத்திலிருந்து தாணு சாயங்காலங்களில் கேட்டுக்கு வந்து நிற்கத் தொடங்கினார். "வாலே, அருவிக்கரை வரைக்கும் சும்மா போயிட்டு வருவோம்" என்பார். சங்கிலிப்பாண்டி மாட்டேன் என்பார். மறுபடியும் வருவார். மறுபடியும் மாட்டேன் என்பார். இப்படியே மூன்று வருஷம்.

1941 ஐப்பசியில் குருவம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

சங்கிலிப்பாண்டி அழவில்லை. கல்லு மனசு என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அழ மூச்சு போதவில்லை என்பது பாதிதான் உண்மை. அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நெருப்பு வைத்தார், முழுகினார், சோறு போட்டார்கள், தின்றார். காலில் ரத்தம் ஓடாமல் மரத்துப்போகுமே, அப்படி உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. பதினாறாம் நாள் கழிந்து எல்லாரும் போனபின் உலை வைக்கப் பானைக்குள் கைவிட்டார். மணி ஒலித்தது. அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மாமரம் வரைக்கும் நடந்தார். நின்று மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வந்தார். தேறிவிடுவோம் என்ற எண்ணமெல்லாம் அவருக்குக் கிடையாது. நேர்ந்ததைக் கட்ட வேண்டும். கட்ட மேலே போக வேண்டும். அடுத்த நாள் இரண்டடி கூட. பீடி இருபத்தைந்து பதினைந்தாயிற்று, பத்தாயிற்று. தை பிறந்தபோது கிணறு வரைக்கும் நிற்காமல் போனார். ஆடியில் ஆற்றுப்பாலம் வரைக்கும். மார்கழிக் குளிரில் மறுபடி நெஞ்சு அடைத்துக்கொள்ள, திரும்பவும் மாமரத்திலிருந்து ஆரம்பித்தார். பீடி நாளைக்கு மூன்றில் வந்து நின்றது. அந்த மூன்றும் அவரை விடவில்லை.

1943 சித்ரா பௌர்ணமி. விடிந்ததும் மணியைத் துண்டில் முடிந்துகொண்டு கிளம்பினார். தாணு அடிவாரத்தில் காத்திருந்தார்.

"டோலி இருக்கு. ஏறிக்கிடுதியா?"

"நடந்துன்னுதான் நேர்ந்திருக்கா."

"அப்ப நான் முன்னால போறேன். நீ பின்னால வா" என்றார் தாணு. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக இடம் மாறிற்று. தாணு சுமையில்லாமல் முன்னே நடந்து, பழைய வழக்கப்படி "கல்லு" என்று கூப்பிட்டார். "ஆச்சு" என்று சொல்ல சங்கிலிப்பாண்டியிடம் மூச்சு இல்லை. துண்டிலிருந்து மணியை எடுத்து ஆட்டினார்.

தாணு ஒரு நொடி நின்றார். பிறகு நடந்தார். "வேரு." மணி. "கல்லு." மணி. திருவிழாவுக்கு ஏறுகிற கூட்டம் இவர்களைத் தாண்டிக்கொண்டே போயிற்று. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண்கள்கூடத் தாண்டிப் போனார்கள்.

ஈரப்பாறைக்கு முன்னால் மணி நின்றுபோயிற்று. தாணு திரும்பிப் பார்த்தார். சங்கிலிப்பாண்டி பாதையோரம் உட்கார்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பேச்சு வர நேரமாயிற்று.

"உக்காந்ததுதாம்லே தப்பு. அந்த டாக்டரு சொன்னாரு. நான் அவகிட்டச் சொல்லவே இல்ல. தெரியாமலே போயிட்டா."

தாணு பக்கத்தில் வந்து நின்றார்.

"அவளுக்குத் தெரியும்லே."

சங்கிலிப்பாண்டி நிமிர்ந்தார்.

"டாக்டரு அவகிட்டயும் சொல்லிட்டுத்தான் ரயிலேறுனாரு. அன்னைக்கே எங்கிட்ட ஓடியாந்தா. 'நாந்தாண்ணே அவரைக் கெடுத்துட்டேன். இப்ப எந்திரிங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்? தெரிஞ்சா என் மூஞ்சியில முழிப்பாரா? நீங்களாவது நடக்கக் கூப்பிடுங்க'ன்னு அழுதா. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு இந்த அம்மன் மேல சத்தியம் வாங்கிட்டா. இன்னைக்கு அம்மன்கிட்டதானே போறோம், நானே பதில் சொல்லிக்கிடுதேன்."

மூன்று வருஷம். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சங்கதியை, அவள் மனசு நோகுமே என்று இவரும் இவர் வெறுத்துவிடுவாரே என்று அவளும் மூடி மூடி வைத்திருந்தார்கள். அந்த மூன்று வருஷமும் அவர் முக்காலியில் இருந்தார். சாயங்காலந்தோறும் கேட்டுக்கு வந்து நின்றது தாணு மட்டுமில்லை, அவளுந்தான் என்று இப்போதுதான் தெரிந்தது. மரத்துக்கிடந்தது விட்டுப்போய், ஒன்றரை வருஷமாக வராத அழுகை வந்தது. மூச்சு முட்டும் என்று தெரிந்தே அழுதார்.

தாணு மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்தார். கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மடியிலேயே செருகிக்கொண்டார்.

"மணியைக் கொடு. நான் கொண்டுபோய்க் கட்டுதேன். நீ இங்கனயே இரு."

"இருந்ததெல்லாம் போதும்லே. நீ கூப்பிடு."

தாணு பாறைமேல் ஒரு காலை வைத்தார். திரும்பிப் பார்க்காமல், "வழுக்கு" என்றார். பதில் வராமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. அப்படியே நின்றார். இறங்குகிற கூட்டமும் ஏறுகிற கூட்டமும் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. ரொம்ப நேரம் கழித்துப் பின்னால் மணி ஒலித்தது.