தேரையின் முகம்

எங்கள் தகயாமா ஊரில் முடி வெட்டும் உஷிமாருவுக்கு ஒரே ஒரு ஆசை. கைக்குள் அடங்கும் தன் மரத்தேரையை எங்கள் பழம்பொருள் சேகரிப்போர் சங்கத்தின் கண்காட்சியில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பையில்லாத கிமோனோ காலத்தில், புகையிலைப் பையின் கயிறு இடுப்பிலிருந்து நழுவாமல் இருக்க மாட்டிய குமிழ் அது. நெட்சுகே என்போம். ஐந்து வருஷமாக மனு கொடுத்து எங்களைப் பாடாய்ப் படுத்தினார். போன வசந்தத்தில்தான் தேர்வுக்கே கூப்பிட்டோம்.

தலைவர் குமசாகி முதலில் வயிற்றுப் பக்கத்தைப் பார்த்தார். துணியில் உரசித் தேய வேண்டியது அதுதான். தேய்ந்திருந்தது. திருப்பினார். முகம் மழுமழுவென்று இருந்தது. கண்ணும் இல்லை, வாயும் இல்லை.

"மூஞ்சி எப்படிய்யா தேயும்? வெளியே பாத்துத் தொங்குற பக்கமாச்சே! பழசு மாதிரி காட்ட எவனோ உப்புத்தாள் போட்டிருக்கான். உங்க தலையில நல்லா மிளகா அரைச்சுட்டான்."

"இல்லைங்க. யார் தேச்சதுன்னு எனக்குத் தெரியும்."

"யாரு?"

செயலாளரான எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அஞ்சு வருஷமா எங்க உசிரை வாங்கினீங்களே அண்ணே, இப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன்.

"எங்க வீட்டுக்காரி," என்றார். "கினுயோ. பக்கவாதம் வந்து பதினோரு வருஷம் படுக்கை. கடைக்குப் போறப்ப இதைக் கையில குடுத்துட்டுப் போவேன். நான் திரும்பி வர்ற வரைக்கும் கட்டைவிரலால தடவிக்கிட்டே கிடப்பா. சாகுற அன்னிக்கும்தான்."

அடப்பாவமே என்றிருந்தது எனக்கு. கேட்டிருக்கவே கூடாது.

குமசாகி தேரையை மெதுவாக மேஜையில் வைத்தார். "பழசுதான், ஒத்துக்கறேன். ஆனா முகமில்லாம எப்படி வைக்கறது? நம்ம செதுக்குறவர்கிட்ட குடுங்க. ரெண்டு கண்ணு, ஒரு வாய், அவ்வளவுதான். முதல் பெட்டி உங்களுக்கு."

முதல் பெட்டி! இருபது வருஷம் இந்தச் சங்கத்துக்கு நாயாய் உழைத்த என்னுடைய குரங்கு நெட்சுகேவுக்கே அது கிடைத்ததில்லை.

உஷிமாரு தேரையை எடுத்து அதன் முகத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். "அவ விரல் பட்ட பள்ளம் போயிடுமே," என்றார். சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார்.

கண்காட்சிக்கு டிக்கெட் எடுத்து வந்தார். ஒவ்வொரு பெட்டியாக நின்று நிதானமாகப் பார்த்தார். மரம் வெடிக்காமல் இருக்க உள்ளே தண்ணீர்க் கிண்ணம் வைப்போம். முதல் பெட்டியில் அது வற்றிப்போயிருந்ததை அவர்தான் எனக்குச் சுட்டிக்காட்டினார். இடது கையால் காட்டினார். வலது கை சட்டைப்பைக்குள் இருந்தது.