வானிலைக்காரர் வீட்டுக் கூரை

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் ஒரு வெப்பமானியைக் கீழே போட்டு உடைத்தார். சிதறிய பாதரசத்தைக் காகிதத் துண்டால் துரத்திக்கொண்டு அரை நாள் தரையில் தவழ்ந்ததைத் தபால்காரர் பார்த்துவிட்டார். தபால்காரர் பார்த்தால் தீவே பார்த்த மாதிரி. இருபத்தேழு வருடமாக அவருக்குப் பேர் பாதரசம்தான். சொந்தப் பேர் அலுவலகக் காகிதங்களில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

தீவின் வானிலை நிலையம் குன்றின் மேல் இரண்டு அறை. ஒன்றில் காற்றழுத்தமானி, தொலைபேசி, கணினி, ஒரு கட்டில். மற்றதில் பழைய பதிவேடுகளும் அவற்றைத் தின்று கொழுத்த பூச்சிகளும். வெளியே கம்பத்தின் உச்சியில் காற்றின் வேகத்தை அளக்க மூன்று கிண்ணங்கள் சுழலும், கீழே மழைமானி. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்துப் பதிவேட்டில் கட்டத்துக்குக் கட்டம் எழுதி, கடலுக்கு அப்பாலிருக்கும் தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். புயல் நெருங்கினால் மணிக்கு ஒரு தடவை. பாதரசம் தன் முறையில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டவர் இல்லை. கடும் காய்ச்சலில் கிடந்த நாளிலும், தன் உடம்புச் சூட்டை யாரும் பார்க்க விடாமல், வெளிக்காற்றின் சூட்டைப் போய்ப் பார்த்து எழுதினார்.

இப்படிப்பட்ட மனிதரை ஊர் நம்பியிருக்கும் என்று நினைப்பது இயற்கை. ஊர் நம்பவில்லை. காரணம், நாலு வருடத்துக்கு முன்னால் வராமல் போன ஒரு புயல்.

தலைமை அலுவலகம் அனுப்பும் படத்தில் புயலின் வழி ஒற்றைக் கோடாக இருக்காது. போகப் போக அகலும் கூம்பாக இருக்கும். அதற்குள் எங்கே வேண்டுமானாலும் புயலின் மையம் போகலாம் என்று பொருள். அப்போது தீவு கூம்பின் நட்டநடுவில் இருந்தது. கடற்கரைத் தெருவின் அறுபது வீடுகளையும் பாதரசம் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பினார். புயல் வடக்கே திரும்பிவிட்டது. தீவில் தூறல்கூட இல்லை. ஜனங்கள் இரண்டு நாள் பெஞ்சில் படுத்து, முதுகு பிடித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். பாதரசத்தின் சொந்த அக்காவுக்கு ஆறு கோழியில் நாலைக் காணோம்.

“புயல் தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு உன் நோட்டுல எழுதிக்கோடா,” என்றாள் அக்கா.

போன வருடம் அடுத்த புயல் வந்தது. நிலையத்தின் இன்னொரு ஊழியர் லீவில் இருந்தார். போனது தன் சொந்தக் கல்யாணத்துக்கு என்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. பாதரசம் இரண்டு நாளாகக் குன்றை விட்டு இறங்கவில்லை. தீவு இந்த முறை கூம்பின் ஓரத்தில்தான் இருந்தது. அதில் ஊருக்கு ஒரே நிம்மதி. நடுக்கோட்டின் மேல் புயல் ரயில் மாதிரி போகும் என்பது பொதுவான அபிப்பிராயம். ஆனால் பாதரசத்தின் கவலை காற்று அல்ல, தண்ணீர். புயல் கடலையும் தள்ளிக்கொண்டு வரும். அது சாயங்காலக் கடலேற்றத்தோடு சேர்ந்தால் கடற்கரைத் தெருவில் ஓர் ஆள் உயரத்துக்கு நீர் நிற்கும் என்றது கணிப்பு. தெருவின் கடைசி வீடு அக்காவுடையது. அக்கா, ஓர் ஆளின் தோள் உயரம்.

விடிந்ததிலிருந்து அவர் குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கி வண்டியில் போட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கு அறுபது வீட்டில் கிளம்பியது ஒன்றுதான். அதுவும் பள்ளிக்கூடத்துச் சாவி வைத்திருந்த காவலாளியின் குடும்பம்.

இரண்டேகாலுக்கு மனைவி தொலைபேசியில் வந்தாள்.

“ஏங்க, உங்க அக்கா வீட்டுலேர்ந்து பேசறேன். இவங்க யாரும் அசைய மாட்டேங்கிறாங்க.”

“கூம்பை விளக்கிச் சொன்னியா?”

“கூம்பைத் தூக்கி அடுப்புல போடுங்க. இவங்க பார்க்கறது நம்ம வீட்டுக் கூரையை.”

அவருக்குப் புரியவில்லை. மனைவி விளக்கினாள். அவர்கள் வீடு கடற்கரைத் தெரு தொடங்கும் மூலையில், கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. கடைக்குப் போகிற யாரும் அந்தத் தகரக் கூரையைப் பார்க்காமல் தாண்ட முடியாது. கோழிகள் காணாமல் போனதிலிருந்து தெருவுக்கு ஒரு ஞானம் பிறந்திருந்தது. மைக்கில் மனிதர் பேசுவது மேலிடத்து உத்தரவு. சொந்தக் கூரைக்கு யாரும் உத்தரவு போட முடியாது. நிஜமாகவே புயல் வருவதானால் முதலில் தன் கூரைக்கு அல்லவா கயிறு கட்டுவார்? கூரையில் கயிறு இல்லை, ஒரு மணல் மூட்டைகூட இல்லை. ஆகவே புயலும் இல்லை.

நியாயம் அப்பழுக்கில்லாதது. ஒரே குறை, எச்சரிக்கிற வேலையில் மூழ்கியிருந்தவருக்குக் கூரை கட்ட நேரமில்லை. அவர் எவ்வளவு மும்முரமாக எச்சரித்தாரோ, அவ்வளவுக்குக் கூரை சும்மா கிடந்து அவர் பேச்சைப் பொய்யாக்கிக்கொண்டிருந்தது.

“நீயே கட்டிடேன்.”

“நான் கட்டினா செல்லாதாம். நான் ஒரு மேகத்தைப் பார்த்தாலே ஜன்னலைச் சாத்தறவளாம். உங்க அத்தான்தான் சொல்றார்.”

அக்காவின் புருஷன் படகு இன்ஜின் மெக்கானிக். இன்ஜின் ஓடும்போதே பேசிப் பழகியதால் ரகசியத்தையும் கத்தித்தான் சொல்வார். இப்போது பின்னாலிருந்து கத்தினார்: “மச்சான்! உன் வீட்டு மேல ஒரு கல்லு வைக்கலை, என் வீட்டை விட்டு என்னைக் கிளம்பச் சொல்றியா?”

பாதரசம் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டார்.

“சார், ஒன்றரை மணி நேரம் வெளியே போகணும்.”

“இப்பவா? எதுக்கு?” என்றார் மேலதிகாரி.

“என் வீட்டுக் கூரையைக் கட்ட.”

“தீவே மூழ்கப் போகுதுன்னு கையைப் பிசைஞ்சிட்டு இருக்கோம். உங்களுக்கு உங்க வீட்டுக் கவலையா? உங்களை நான் இப்படி நினைக்கலை.”

ஆபத்து நேரத்தில் சொந்த வீட்டைப் பார்க்க ஓடுகிறவனைப் பற்றிப் பாதரசத்துக்கும் இதே அபிப்பிராயம்தான். தொலைபேசியை வைத்தார். தன்னிஷ்டமாக இரண்டரை மணிக்குக் கூடுதலாக ஒரு கணக்கை எழுதிவிட்டு, சைக்கிளை எடுத்தார்.

கனத்த உடம்பு. ஏணியை மனைவி பிடித்துக்கொள்ள, காற்று சட்டையைத் தலைக்கு மேல் தூக்க, கூரையில் குப்புறப் படுத்துக் கயிற்றை இழுத்தார். கீழே முதலில் இரண்டு பேர் நின்றார்கள், பிறகு இருபது பேர். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

“என்னடா, நிஜம்தானா?”

“காலையிலேர்ந்து தொண்டை கிழியக் கத்தறேனே அக்கா!”

“அது மைக்குல கத்தினே. ஆபீஸ் பேச்சு. சும்மா யாராவது இந்தத் தொப்பையைத் தூக்கிட்டு மேலே ஏறுவாங்களா?” திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். “என்ன நிக்கறீங்க? கோழியைப் பிடிங்க!”

அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நாலு மணிக்கு அவர் மறுபடி குன்றின் மேல் மூச்சிரைக்க நின்று பார்த்தபோது, பள்ளிக்கூடச் சாலையில் மூட்டைகளும் கட்டில்களும் போய்க்கொண்டிருந்தன. நடுவில் ஒரு கோழிக்கூடை. நாலு மணிக் கணக்கை எழுதினார். மூன்று மணிக் கட்டம் காலியாக இருந்தது.

ஆறரைக்குப் புயல் வந்தது. புயலின் மையம் தீவைத் தொடவேயில்லை; கூம்பின் ஓரமே போதுமானதாக இருந்தது. கடல் தெருவுக்குள் ஏறி, பதினான்கு வீடுகளின் சுவரைத் தள்ளிவிட்டுத் திரும்பியது. அக்கா வீட்டுச் சுவரில் ஈரக்கோடு அவள் தலைக்கு ஒரு சாண் மேலே நின்றது. ஒருவரும் சாகவில்லை. ஒரு கோழிகூட.

அவசரத்தில் கட்டிய கயிறு அறுந்து பாதரசத்தின் கூரையில் மூன்று தகரம் பறந்துபோயிற்று. அது பற்றி யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது: குறிப்பிட்ட நாளில் மூன்று மணிக் கணக்கு ஏன் இல்லை? ‘மேற்படி நேரத்தில் எச்சரிக்கைப் பணியில் கூரை மேல் இருந்தேன்’ என்று எழுதி அனுப்பினார். மேலதிகாரி தொலைபேசியில் இறங்கி வந்தார். “சரி விடுங்க. ரெண்டரைக்கும் நாலுக்கும் நடுவுல ஏதாவது ஒரு நம்பரைப் போட்டுடுங்க. யார் பார்க்கப் போறா?”

“நான் பார்க்கலையே சார்,” என்றார் பாதரசம். கட்டம் இன்றும் காலிதான்.

பறந்த தகரங்களுக்குப் பதில் புதிது போட்டார்கள். ஊரில் எல்லோரும் கூரை மேல் இருந்த நாட்கள் அவை, அவர் கூரையை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் ஓர் ஆணித்துளை விட்டுப்போயிருந்தது. மழை பெய்தால் சரியாக அவர் தலையணை மேல் சொட்டும். இந்தக் கோடையில், வானத்தில் பஞ்சளவு மேகமும் இல்லாத ஒரு காலையில், தார் டப்பாவோடு ஏணி வைத்து ஏறினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கீழே அக்கா, கையில் கோழிக்கூடை. பின்னால் அத்தான் தலையில் சுருட்டிய பாய். அவருக்கும் பின்னால் பாதித் தெரு.

“ஒழுகலை அடைக்கத்தான் அக்கா ஏறினேன்.”

“அப்படித்தான் சொல்லுவே, ஜனங்க பயந்துடக் கூடாதுன்னு. எத்தனை மணிக்கு வருது?”

“வானத்தைப் பாரேன்!”

“வானத்தைப் பார்க்கத்தான் உனக்கு உத்தியோகம் கொடுத்திருக்கு. நாங்க உன்னைப் பார்க்கறோம்.”

பாதரசம் கூட்டத்தைப் பார்த்தார். வராத புயலுக்கு இன்னொரு தடவை அறுபது வீடும் கிளம்பினால், அடுத்த தடவை கூரையும் செல்லாக்காசாகிவிடும். துளையை அப்படியே விட்டு, தார் டப்பாவை மூடிக்கொண்டு இறங்கினார். ஏணியை எல்லோர் கண்ணிலும் படும்படி மடக்கி, வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சாய்த்தார். கூட்டம் கலைந்தது.

மழை நாளில் மனைவி தலையணையை நகர்த்திவிட்டு அங்கே ஒரு வாளி வைக்கிறாள். வாளி நிறைந்தால் எழுந்து ஊற்றுவது அவர் முறை.