குடைசாய்ச்சியின் மகள்

எங்கள் ஊரில் கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டுகிறவனைத் திட்டுவதற்கு வகைவகையாகச் சொல் உண்டு. பறக்காவெட்டி என்பார்கள். எமனுக்கு மச்சினன் என்பார்கள். கடையாணி கழண்டவன் என்பார்கள். பஸ் வந்து பழகின பிறகு, குறுக்கே பாய்கிறவனைப் பார்த்து, "வீட்டுல சொல்லிட்டு வந்தியாலே?" என்று கேட்கவும் கற்றுக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று வைத்திருக்கிறார்கள்: "குடைசாய்ச்சி மகன்." இன்றைக்கு மோட்டார் சைக்கிளில் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகிற பொடியனுக்கும் அதுதான் பட்டம்.

அந்தக் குடைசாய்ச்சி என்னைப் பெற்றவள். அவளுக்கு மகனே கிடையாது. நான் ஒருத்திதான். ஆகையால் இதைச் சொல்லும் பாத்தியதை எனக்குத்தான். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும்; மெதுவாகத்தான் சொல்வேன். அவசரப்படுகிறவர்கள் பஸ் ஏறிப் போகலாம்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. அய்யா கொழும்பில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அவர் அனுப்பியதில்தான் ஆத்தா ஒரு வண்டியும், ஒரு மயிலைக் காளையும், ஒரு செவலைக் காளையும் வாங்கினாள். எங்கள் ஊர் திருப்புல்லாணிக்கு மேற்கே. கடல் தெரியாது, கடல் காற்று மட்டும் வரும். அந்தக் காளைகளை வைத்துத்தான் ஆத்தா எங்கள் புஞ்சையை உழுதாள். விறகும் கருப்பட்டியும் ஏற்றி ராமநாதபுரத்துக்குப் போய்வந்தாள். அவை இல்லையென்றால் எங்கள் வீட்டு அடுப்பில் பூனை தூங்கும்.

பொம்பளை கயிறு பிடித்து வண்டி ஓட்டுவது அய்யாவின் அண்ணனுக்கு, அதாவது எங்கள் பெரியப்பாவுக்கு, ஆகவே ஆகாது. அவர் ஆத்தாவுக்கு மூத்தார். புருஷனின் அண்ணனிடம் பெண்கள் முகம் பார்த்துப் பேசக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பேச வேண்டியதை ஒரு பிள்ளையிடம் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை நான்தான். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்டுவிட்ட பேச்சை நான் மறுபடியும் சொல்வேன்.

அந்த ஆடி அமாவாசைக்கு ஊரே வண்டி கட்டிச் சேதுக்கரைக்குக் குளிக்கப் புறப்பட்டது. ஆத்தாவும் பூட்டினாள். பெரியப்பா வாசலுக்கு வந்துவிட்டார்.

"உங்க ஆத்தாட்ட சொல்லு. ஊரு வண்டி அம்புட்டும் போற பாதை. அங்கன பொம்பள ஓட்டக் கூடாது."

"உங்க பெரியப்பாட்ட சொல்லு. மாட்டுக்கு ஆம்பள பொம்பள தெரியாது, கயிறுதான் தெரியும்."

"வண்டி சாய்ஞ்சதுன்னா மாடு ரெண்டும் என் கொட்டகைக்கு வந்துரணும்னு சொல்லு."

"சாய்ஞ்சாப் பாப்போம்னு சொல்லு."

நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது.

போகும்போது ஒரு குறையும் இல்லை. கடலில் குளித்தோம். ஈரத்துணியோடு மணலில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். திரும்பும்போது பெரியப்பா வண்டியை அவருடைய மகன் ஓட்டினான். எனக்கு அண்ணன் முறை. அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. வண்டி நிறைய ஆம்பளைகள். பெரியம்மாவுக்கு இடமில்லை. அவள் மற்றப் பெண்களோடு நடந்து வந்தாள், தலையில் ஒரு பித்தளைக் குடத்தில் கடல் தண்ணீர் மொண்டு சுமந்துகொண்டு.

அந்தக் காலத்து இளவட்டங்களுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. அமாவாசை முடிந்து திரும்பும்போது ராமநாதபுரத்து பஸ்ஸோடு மாட்டுவண்டியை ஓட்டிப் பந்தயம் விடுவது. பஸ்ஸை முந்தினவன் அடுத்த அமாவாசை வரை தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கலாம். பஸ்காரனும் சளைத்தவன் இல்லை. வண்டியைக் கண்டால் ஹாரனில் வைத்த கையை எடுக்க மாட்டான்.

கண்மாய்க்கரைப் பாதையில் வந்துகொண்டிருந்தோம். குறுகலான மேட்டுப் பாதை. இடது கைப் பக்கம் சரிவு, கீழே காய்ந்து கிடந்த கண்மாய். எங்களுக்குச் சற்று முன்னால் பாதையோரமாகப் பெண்கள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து சலங்கைச் சத்தமும் ஹாரன் சத்தமும் ஒன்றாகக் கிளம்பின. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் வண்டியில் எழுந்து நின்று, மாட்டு வாலை முறுக்கிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் பஸ். புழுதியில் அவன் பல் மட்டும் தெரிந்தது. எங்கள் வண்டியின் சக்கரத்தை உரசிக்கொண்டு அவன் வண்டி போயிற்று. அதை ஒட்டிக்கொண்டு பஸ் அலறியபடி போயிற்று.

எங்கள் காளைகள் மிரண்டு பாய்ந்தன. முன்னால் பெண்கள். பலர் சிதறி ஓடினார்கள். ஒருத்தி மட்டும் தலையில் குடத்தோடு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுப்பாதையிலேயே நின்றுவிட்டாள். முகத்தை நான் பார்க்கவில்லை. குடத்தைத்தான் பார்த்தேன்.

"பிடிச்சுக்கடி!" என்றாள் ஆத்தா. செவலையின் கயிற்றை இரண்டு கையாலும் சேர்த்து இடது பக்கம் இழுத்தாள். வண்டி சரிவில் இறங்கியது. ஒரு சக்கரம் ஆகாயத்தைப் பார்த்தது. அப்புறம் நான் கண்மாய் மண்ணில் கிடந்தேன், வாய் நிறையப் புழுதியும் ரத்தமும். வண்டி குடைசாய்ந்து கிடந்தது. காளைகள் பூட்டுக்கயிறு அறுந்து ஓடிப்போய், ஒரு உடைமரத்தடியில் ஒன்றும் நடக்காததுபோல நின்றன. மேலேயிருந்து அந்தப் பித்தளைக் குடம் உருண்டு வந்து என் பக்கத்தில் நின்றது.

கரைமேல் கூட்டம் கூடிவிட்டது. பஸ்ஸை முந்திவிட்ட அண்ணன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

"என்ன சின்னாத்தா, ஊரே வேடிக்கை பாக்க வண்டியக் குடைசாய்ச்சுட்டீகளே!"

எல்லோரும் சிரித்தார்கள். "பொம்பள கயிறு பிடிச்சா வேற என்ன ஆகும்?" என்றது ஒரு குரல். பெயர் அங்கேயே விழுந்துவிட்டது. பெரியப்பா என்னைப் பார்த்து, "உங்க ஆத்தாட்ட சொல்லு, சொன்ன சொல்லு சொன்னதுதான்னு" என்றார்.

ஆத்தா என் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா வண்டியில் வந்த ஆம்பளைகள் காளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. உரசிக்கொண்டு போனவன் அண்ணன் என்று ஆத்தா ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அன்றைக்கு என் உதடு வீங்காமல் இருந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

மறுநாள் விடிந்ததும் ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு நடந்தாள். மாட்டுக்கொட்டகையில் பெரியம்மா சாணி கூட்டிக்கொண்டிருந்தாள்; எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள், திரும்பவே இல்லை. எங்கள் காளைகள் வெளியே நின்றன. கட்டுத்தறிக் கயிறு அவிழ்ந்து கொம்பில் சுற்றியிருந்தது. மூக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆத்தா இரண்டு கயிற்றையும் கையில் எடுத்தாள்.

பெரியப்பா வேப்பங்குச்சியும் வாயுமாக வந்தார். "ஏட்டி, உங்க ஆத்தா என்ன செய்யிறான்னு கேளு."

நான் வாயைத் திறப்பதற்குள் ஆத்தா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். மூத்தாரை நேராகப் பார்த்தாள்.

"பிள்ளை எதுக்கு நடுவுல? நானே சொல்றேன். இந்த மாடு என் புருசன் தோளு காய்ச்சு வாங்குனது. வண்டியச் சாய்ச்சது நாந்தேன், மாடு சாய்க்கல. நாளைக்கும் சாய்க்க வேண்டி வந்தாச் சாய்ப்பேன். எதுக்குச் சாய்ச்சேன்னு உங்க வீட்டுல கேளுங்க."

பெரியம்மாவின் விளக்குமாறு ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகக் கூட்டியது. பெரியப்பா ஒரு பொம்பளை தன் முகத்துக்கு நேரே பேசியதைக் கேட்டு, குச்சியைத் துப்பக்கூட மறந்து நின்றார்.

அன்றைக்கே வண்டியை நிமிர்த்தி, பூட்டுக்கயிற்றை மாற்றிக் கட்டி, கடைத்தெரு வழியாகத்தான் ஓட்டினாள். "குடைசாய்ச்சி வாரா, ஒதுங்குங்கலே!" என்று இளவட்டங்கள் கூவினார்கள். அண்ணன்தான் முதலில் கூவினான்.

"ஆமாலே, வாரேன். ஒதுங்கு" என்றாள் ஆத்தா. ஒதுங்கினார்கள்.

அதற்குப் பிறகு அவள் கயிற்றை விடவே இல்லை. அய்யா திரும்பி வந்த பிறகும் அவர் பின்னால்தான் உட்கார்ந்து வந்தார்.

நான் என் சேக்காளிகளிடம் வெகுநாள் பீற்றிக்கொண்டு திரிந்தேன்: எங்கள் ஆத்தா முறைத்த முறைப்பில் கட்டுத்தறிக் கயிறு தானாக அவிழ்ந்துவிட்டது என்று. மாட்டுக்கு அவ்வளவு காலையில் யார் தண்ணீர் காட்டினார்கள் என்று எனக்கு யோசனை ஓடவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் வயிறு நசுங்கின பித்தளைக் குடம் ஒன்று கவிழ்ந்து கிடந்ததை என் கண் பார்த்தது, பார்த்ததோடு சரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும், மகன் வண்டியில் இடம் இருந்தாலும், பெரியம்மா அந்த நசுங்கின குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வண்டியில் வந்து ஏறுவாள். "நகருடி, குடைசாய்ச்சி மகளே" என்பாள். அவளும் நம்மைக் கேலி செய்கிறாளே என்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.