முதல் நன்மைக்கு முன்பு கட்டிய வலை

வெயிலில் காய்ந்த புறா எச்சத்துக்குச் சுண்ணாம்பும் புழுங்கிய அரிசியும் கலந்தாற்போல் ஒரு மணம் உண்டு. போர் முடிந்து, தமிழ்நாட்டு முகாமிலிருந்து விடத்தல்தீவுப் பக்கத்து எங்கள் ஊருக்குத் திரும்பியபோது, மாதா கோவில் வாசலில் எங்களை வரவேற்றது அந்த மணம்தான். ஆளில்லாத ஆண்டுகளில், வாசலுக்கு மேலிருந்த நீண்ட சீமெந்துத் தட்டு முழுவதையும் புறாக்கள் எடுத்துக்கொண்டிருந்தன.

எனக்கு அப்போது பத்து வயது. முகாமில் தவறிப்போன 'முதல் நன்மை', நற்கருணை அப்பத்தை முதன்முதலாக வாங்கும் சடங்கு, அந்த ஞாயிறு எனக்குக் கிடைக்கவிருந்தது. முகாம் முகாமாகச் சுமந்து திரிந்த தன் வெள்ளைக் கலியாணச் சேலையை வெட்டி அம்மா எனக்குச் சட்டை தைத்திருந்தார். அழுக்கானால் மாற்றுச் சட்டை கிடையாது. பிள்ளைகள் நாங்கள் வரிசையாக நிற்கவேண்டிய இடமோ அந்தத் தட்டுக்கு நேர் கீழே. அந்த வாரம் ஒவ்வொரு காலையும் படியில் புதிதாக விழுந்த எச்சங்களை எண்ணிக் கொப்பியில் எழுதி, வெள்ளிக்கிழமை அப்பாவிடம் காட்டினேன். மிகக் குறைவாக விழுந்த நாளில்கூடப் பத்தொன்பது.

அப்பா கடற்றொழிலாளி. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நைலோன் இழையில் பின்னிய பழைய 'தங்கூசி வலை' ஒன்றை ஏணியில் ஏறித் தட்டுக்கு முன்னால் கட்டினார். கோவில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் கீழே நின்று, "என்னடாப்பா, வானத்திலை மீன் பிடிக்கப்போறியோ?" என்று பகிடி விட்டார்.

"இழுத்துக் கட்டினா அது வலையே? கொடிக்கயிறு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அப்பா வலையைத் தொய்வாகவே விட்டார். இழுத்துக் கட்டிய வலையில் மீன் முட்டித் திரும்பிவிடும். தொய்ந்த வலையில்தான் செவுள் மாட்டும். சின்ன வயதிலிருந்து கடலுக்கு வலை கட்டிய கைகள் அவை. புறா முட்டித் திரும்பினால் போதும் என்பது அந்தக் கைகளுக்குத் தோன்றவில்லை.

சனி மாலை, சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் முதல் பாவசங்கீர்த்தனத்தைச் செய்துவிட்டு நான் வெளியே வந்தபோது வலையில் ஆறு புறாக்கள். ஐந்து கழுத்திறுகிச் செத்திருந்தன. ஆறாவது ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்தது. அப்பா ஏணியைச் சுவரில் சாய்த்தார். மூப்பர் தடுத்தார்.

"கழட்டாதை. கருவாடு காயுற இடத்திலை செத்த காகத்தைத் தொங்கவிடுறனாங்கள்தானே? கிடக்கட்டும். இதைக் கண்டா மற்றதுகள் கிட்டவும் வராது."

யாரும் மறுக்கவில்லை. மற்றவை வரவும் இல்லை.

ஞாயிறு காலையிலும் அந்த ஆறாவது புறா சாகவில்லை. சிறகடிக்கும்போதெல்லாம் வலை அறுத்த காலிலிருந்து இரத்தம் வரிசையில் என் இடத்தருகே துளித்தது. சட்டையை இரண்டு கைகளாலும் ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பா, சட்டையிலை படப்போகுது" என்றேன்.

"என்ன செய்யச் சொல்லுறாய்?"

ஏணி சுவரில் சாய்த்தபடியே இருந்தது. நான் அதைப் பார்த்தேன். 'வெட்டி விடுங்கோ' என்று சொல்லியிருக்கலாம்.

"சாக்காட்டுங்கோ" என்றேன்.

அப்பா தோணி தள்ளும் சவள் தடியை எடுத்துவந்து, சுவரோடு சேர்த்து அதை அடித்தார். முதல் அடியில் சாகவில்லை. அம்மா என்னைப் பின்னால் இழுத்து, சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கை மடிப்பு எல்லாம் பார்த்து, "ஒண்டும் படேல்லை, மாதாவே" என்று சிலுவை போட்டுக்கொண்டார். பாட்டுத் தொடங்கியது. நாங்கள் உள்ளே போனோம்.

இப்போது அந்தத் தட்டில் கூரான கம்பிகளைப் பதித்திருக்கிறார்கள். புறாவும் இல்லை, அந்த மணமும் இல்லை, வலையும் இல்லை, அப்பாவும் இல்லை. சட்டை மட்டும் என் அலுமாரியில், பூச்சி உருண்டைகளோடு மடித்தபடி இருக்கிறது. எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் அந்தக் காலையை நான் சொன்னதில்லை. வருடத்துக்கு ஒருமுறை சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, முன்பக்கம், பின்பக்கம், கை மடிப்பு என்று அம்மா பார்த்த அதே ஒழுங்கில் பார்ப்பேன். சென்ற வாரமும் பார்த்தேன். ஒன்றும் படவில்லை.