அவர் சொன்னதும் நான் எழுதியதும்

கண் தெரியாதவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுப்பது புண்ணியம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அந்தப் புண்ணியத்தை நானும் செய்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், ஒன்பதாம் வகுப்பு முடித்த விடுமுறையில், வங்காளத்தில், டாக்குரியாவில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஒரு அண்ணாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முழுவதையும் எழுதினேன். அதில் சரித்திரப் பரீட்சை அன்று நான் செய்ததை இதுவரை இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். ஒருவர் என் கணவர். "சின்ன வயசு, விட்டுத் தள்ளு" என்றார். விட்டுத் தள்ளுகிற விஷயமாக இருந்தால் நான் ஏன் அவரிடம் சொல்லப் போகிறேன்? இன்னொருவரிடம் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அண்ணாவின் அப்பா, எங்களுக்கு மாமா, துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தார். அண்ணாவுக்கு எட்டு வயதில் ஒரு காய்ச்சலில் பார்வை போயிற்று. பிரெய்ல் படிப்பார், ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்கள் பிரெய்லில் கிடைக்கவில்லை. அதனால் சாயங்காலங்களில் மாமி, அதாவது அவருடைய அம்மா, சரித்திரப் புத்தகத்தை உரக்கப் படிப்பாள். மாமிக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். "பெர்மனன்ட் செட்டில்மென்ட்" என்ற பழைய நிலவரித் திட்டத்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பது மாடியில் எங்களுக்குக் கேட்கும். அண்ணா ஒரு தடவை கேட்டால் போதும், மறக்கமாட்டார். சரித்திரத்தில் ஹானர்ஸ் படித்து வாத்தியார் ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. அவர் சேர நினைத்த கல்லூரியில் அதற்குச் சரித்திரத்தில் அறுபது மார்க் வேண்டும். அந்த அறுபது பற்றிக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சொல்லச் சொல்ல எழுதுகிறவர், பரீட்சைக்கு உட்காருகிறவரைவிடக் கீழ் வகுப்பில் இருக்கவேண்டும் என்பது விதி. அதற்கு என் மார்க் ஷீட், என் போட்டோ, இரண்டு பள்ளித் தலைமை ஆசிரியர்களின் கையெழுத்து எல்லாம் வேண்டியிருந்தது. மாமா இரண்டு மாதம் ஆபீசுக்கு லீவு போட்டும் போடாமலும் அலைந்து, முத்திரை குத்திய ஒரு கடிதம் வாங்கி வந்தார். அதில் என் பெயர் ஏறிவிட்டால் பிறகு ஆளை மாற்ற முடியாது. மாற்றவேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து. இதை மாமா எங்கள் வீட்டில் உட்கார்ந்து இரண்டு மூன்று தடவை சொன்னார். நான் ஜுரத்தில் படுத்துவிடக்கூடாதே என்ற கவலை அவருக்கு.

என்னைக் கேட்டு யாரும் இதில் சேர்க்கவில்லை. கட்டடத்து வங்காளிப் பிள்ளைகளுக்கெல்லாம் பரீட்சை, இல்லாவிட்டால் டியூஷன். "எங்காத்துக் குழந்தை எழுதுவா" என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் எனக்குக் கசந்தது என்று சொன்னால் பொய். வகுப்பில் முதல் ராங்க் நான். லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி அரைக்கக் கொடுத்துவிட்டு நிற்கும் மாமிகள் என்னைப் பார்த்து "இவதான், இவதான்" என்று சொல்வது எனக்கு இனித்தது. பாவாடையைச் சரிசெய்துகொண்டு, காதில் விழாத மாதிரி நிற்பேன்.

பரீட்சைக்கு எங்களுக்குத் தனி அறை. ஒரு பள்ளியின் ரசாயன லேப், ஒரு நீள மேஜை, இரண்டு ஸ்டூல். கண்காணிக்க வந்த ஸார் முதல் நாளே, நாங்கள் தமிழில் பேசியதைக் கேட்டு, "மாத்ராஜி பாஷா சோல்பே நா" என்று அதட்டினார். எங்கள் பாஷை அந்த அறையில் செல்லாது என்று அர்த்தம். அவருக்குப் புரியாத மொழியில் நான் விடை சொல்லிக் கொடுத்துவிட்டால்? அண்ணாவுக்கு நான் விடை சொல்லித் தருவதா! அதை நினைத்து அண்ணா சிரித்துவிட்டார். அதற்கும் ஒரு அதட்டல்.

முதல் பரீட்சை ஆங்கிலம். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். வீட்டுக்கு வந்தபோது கட்டைவிரல் மடங்கவில்லை. மாமி விளக்கெண்ணெய் தடவி உருவிவிட்டாள்.

அடுத்தது சரித்திரம். அன்று நல்ல வெயில். அரை மணிக்குள் கரண்ட் போய் மின்விசிறி நின்றது. அண்ணா கேள்வித்தாளை இரண்டு தடவை என்னைப் படிக்கச் சொன்னார், கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டார், ஆரம்பித்தார். அவர் விடை சொல்லவில்லை, கதை சொன்னார். நிலவரித் திட்டம் வந்ததும் ஒரு குடியானவன் வீட்டில் என்ன ஆயிற்று, எந்த மாதம் எதை விற்றான், ஜமீன்தாரின் ஆள் எப்போது வந்து நின்றான் என்று நீள நீளமான ஆங்கில வாக்கியங்கள். ஒன்பதாம் வகுப்பில் நான் மனப்பாடம் செய்து முதல் ராங்க் வாங்கிய சரித்திரம் இது இல்லை. இந்த மாதிரி ஒரு பாரா எனக்கு எழுத வராது என்பது இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. பொறாமை என்று அதற்குப் பெயர். பதினான்கு வயதில் நான் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தேன்.

அந்த வேறு பெயர், பாயிண்ட். எங்கள் டியூஷன் ஸார் ஓயாமல் சொல்வார், திருத்துகிறவருக்கு நேரமில்லை, பாயிண்ட் பாயிண்ட்டாக எழுது, கதை விடாதே என்று. வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது, கை விண்விண்ணென்று தெறித்தது. இந்த அண்ணாவுக்கு எழுதத் தெரிகிறது, மார்க் வாங்கத் தெரியவில்லை, நான் உதவி செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் குடியானவன் வீட்டைப் பற்றி அவர் சொன்ன எட்டு வரிகளுக்குப் பதிலாக, விவசாயிகள் மிகவும் துன்பப்பட்டார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். அவர் சொல்லி முடிக்கும்வரை பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை செய்தபின் அடுத்தது சுலபமாக வந்தது. கடைசி மூன்று விடைகளில் பாதிக்குப் பாதி என் சொந்தச் சரக்கு.

நடுவில் இரண்டு தடவை நிறுத்தி, "கை வலிச்சாச் சொல்லு, கொஞ்சம் நிறுத்திக்கலாம்" என்று மெதுவாகத் தமிழில் சொன்னார். ஸார் நிமிர்ந்து பார்த்தார். நான் "நோ, நோ" என்றேன்.

கூடுதல் நேரம் கொடுத்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் கத்திக்கொண்டே படியிறங்கிப் போனபிறகும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அப்போது அவர், எழுதியதைப் படித்துக் காட்டு என்றார். சரிபார்ப்பதற்குத்தானே அந்த நேரம். தாளைக் கையில் எடுத்தேன். பிறகு படித்தேன். தாளில் இருந்ததை அல்ல. அவர் சொன்னதை. எனக்கும் ஞாபகசக்தி உண்டு. முதல் ராங்க் அல்லவா. குடியானவன் வீட்டை, அவன் விற்றதை, ஜமீன்தாரின் ஆள் வந்து நின்றதை எல்லாம், விவசாயிகள் மிகவும் துன்பப்பட்டார்கள் என்ற ஒற்றை வரியைப் பார்த்துக்கொண்டே, ஒரு சொல் பிசகாமல் படித்தேன். சுருக்கியதை வயதின்மேல் போடலாம், வெயிலின்மேல் போடலாம். படித்ததை எதன்மேலும் போட முடியாது. பார்க்கமுடியாத ஒருவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, இல்லாததை இருப்பதாகப் படித்தேன். எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

அவர் கைகளை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார். "சரி, கட்டிக் குடுத்துடு" என்றார். நூலால் தாள்களைக் கட்டிக் கொடுத்தேன்.

அதற்குப்பின் மூன்று பரீட்சைகள். அவற்றில் அண்ணா மாறிவிட்டார். சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்தே சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பின் நிறுத்தி, என் பேனா நின்றபிறகே அடுத்ததற்குப் போனார். சொன்ன அத்தனையையும் நான் எழுதினேன், கை வலிக்கவே இல்லை. அவருக்கு இப்போதுதான் பாயிண்ட் பிடிபட்டிருக்கிறது என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

சரித்திரத்தில் ஐம்பத்து நான்கு வந்தது. மற்றதிலெல்லாம் அறுபதுக்கு மேல்.

மறுநாள் அண்ணா என்னைக் கீழே கூப்பிட்டனுப்பினார். மாமி அடுப்படியில் இருந்தாள். மாமா மறுபரிசீலனை விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடுதல் தாள் ஏதாவது நூலிலிருந்து அவிழ்ந்து தொலைந்திருக்கும் என்பது மாமாவின் முடிவு. அண்ணாதான் கேட்டார்.

"சரித்திரத்துக்கு எத்தனை எக்ஸ்ட்ரா ஷீட் வாங்கினோம், ஞாபகம் இருக்கா?"

"ரெண்டு."

"நான் சொன்னதுக்கு அஞ்சாவது வந்திருக்கணுமே."

என்னால் அப்போது சொல்லியிருக்க முடியும். வாய்வரை வந்தது என்றுகூடச் சொல்லமாட்டேன், வரவில்லை. வந்தது இதுதான்: "என் கையெழுத்து ரொம்பப் பொடி, அண்ணா."

என் கையெழுத்தை அவர் எங்கே பார்த்தார்? மாமா பார்த்திருக்கலாம், ஆனால் அவர் அப்போது விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணா தலையை ஆட்டினார். "அப்படியா. சரி, போ" என்றார். விண்ணப்பம் போயிற்று. மார்க் கூட்டல் சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது. அவர் நினைத்த கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஹானர்ஸ் இல்லாத சாதாரண பி.ஏ. படித்தார், பிறகு வங்கி வேலைக்குப் போனார். நான் நல்ல மார்க் வாங்கி, நல்ல கல்லூரியில் படித்து, பள்ளிக்கூட ஆசிரியை ஆனேன். சரித்திரம் இல்லை, கணக்கு. கல்யாணம் ஆகி ஊருக்கு அந்தப்புறம், சாந்த்ராகாச்சிப் பக்கம் போய்விட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மார்ச் மாதம், எங்கள் பள்ளியில் பரீட்சைக் கண்காணிப்பில் என்னைத் தனி அறைக்குப் போட்டார்கள். ஒரு பார்வையில்லாத பையன் சொல்ல, ஒரு பெண் எழுதினாள். அவன் பேசிக்கொண்டிருக்க, அவள் பேனா நின்றிருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, "அவன் சொன்னது எல்லாத்தையும் எழுது" என்றேன். குரல் அந்த அறைக்குத் தேவையானதைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அந்தப் பெண் என்னை முறைத்தாள். எனக்கு அவளைக் கோபித்துக்கொள்ள என்ன யோக்கியதை இருந்தது?

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்குரியாவுக்குப் போனேன். மாமா காலமாகிவிட்டிருந்தார். மாமி கடைக்குப் போயிருந்தாள். அண்ணா, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். என் குரல் கேட்டதும் அதை அணைத்தார். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். சுருக்கியது, படித்துக் காட்டியது, பொடிக் கையெழுத்து, எல்லாம். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன், அழுதேன்.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"நான் பேசிண்டே இருக்கேன், பேனா சத்தம் இல்லை. கடைசி விடைகளை நீ படிச்சுக் காட்டினப்போ பக்கம் திருப்பின சத்தமும் இல்லை. அவ்வளவு நீளத்துக்கு ஒரு பக்கம் போறுமா?"

"அப்பவே ஏன் சொல்லலை? அந்த ஸார்கிட்டச் சொல்லியிருந்தா..."

"சொன்னா உன்னை வெளில அனுப்பிடுவார். இன்னும் மூணு பேப்பர் பாக்கி. கடுதாசில உன் பேர்தான் இருந்தது. யார் வந்து எழுதுவா எனக்கு?" குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "உனக்குக் கோபம் வந்துடக்கூடாதேன்னு பயந்துண்டே இருந்தேன். அதனாலதான் அப்பறம் சின்னச் சின்னதாச் சொன்னேன்."

ஒன்பதாம் வகுப்புப் பெண்ணான எனக்கு, நாலு வயது பெரியவர், பயந்துகொண்டே மூன்று பரீட்சை எழுதியிருக்கிறார். அதைத்தான் நான் பாயிண்ட் பிடிபட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் மாமியின் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணா அவசரமாக என் பக்கம் சாய்ந்தார். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. ஷீட் தொலைஞ்சு போச்சுன்னுதான் அவ இன்னும் நம்பிண்டிருக்கா. அப்படியே இருக்கட்டும்."

மாமி பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். நான் அழுதிருந்தது தெரிந்தது. பழைய ஞாபகம் என்று எடுத்துக்கொண்டாள். "ஏண்டிம்மா, அதையெல்லாம் இன்னும் நினைச்சு அழறியா? யாரோ கட்டுத் தாளைத் தொலைச்சா நீ என்ன பண்ணுவே? அந்த வெயில்ல நீ எழுதினது எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி, என் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்து எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அண்ணா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.