பல்செட் அக்காவின் உதட்டுத் தழும்பு

எங்கள் லேபில் அவளைப் பல்செட் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல் கட்டித் தருவது எங்கள் பிழைப்பு. நான் சுண்ண மாவு குழைத்து அச்சு வார்ப்பேன். அக்கா மெழுகில் பல் அடுக்குவாள். முன் பல் ஒன்றைத் துளி சாய்த்தே வைப்பாள். எல்லாம் அணிவகுத்து நின்றால் பார்த்த மாத்திரத்தில் கட்டுப்பல் என்று காட்டிக்கொடுத்துவிடுமாம். அவளுடைய மேலுதட்டில் சின்ன வயது ஆபரேஷன் தழும்பு ஒன்று உண்டு. அதை அவள் மூடி மறைத்து நான் பார்த்ததில்லை.

அவளுக்கு ஃபோனில் ஒரு சிநேகிதி. ஜன்னலோரம் செடி வளர்ப்பவர்களின் குழுவில் பழக்கம். எங்கோ தூரத்தில் பை தைக்கும் கம்பெனியில் வேலை. நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒருத்தி செடி வாடினால் மற்றவளுக்குச் சோறு இறங்காது. தனக்குப் பல் சம்பந்தப்பட்ட வேலை என்று மட்டும் அக்கா அவளிடம் சொல்லியிருந்தாள்.

இதற்கு நடுவில் அக்காவின் தம்பி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். விசாரிக்க வருகிறவர்கள் முதலில் ஃபோனில் சொந்தக்காரர்களின் பக்கங்களைத்தான் நோண்டுவார்கள் என்று தம்பிக்குப் பயம். அக்காவின் ஃபோனைச் சரிசெய்து தருகிறேன் என்று வாங்கிப்போனவன், அதில் அவள் பெயரில் இருந்த பக்கத்துப் படத்தின் தழும்பை வழித்தெடுத்துவிட்டு, கீழே 'பல் மருத்துவர்' என்று போட்டுக் கொடுத்தான். அக்கா சண்டைதான் போட்டாள். ஆனால் மாற்றவில்லை. அந்த வழுவழு முகத்தை அவள் ரெண்டு தரம் எடுத்துப் பார்த்ததை நானே கண்டேன்.

ஒருநாள் அந்தத் தையல்காரச் சிநேகிதி, பல் பிடுங்கிய இடம் வீங்கியிருக்கிறது, உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறாள். டாக்டரென்று நம்பிக் கேட்கிறாள் என்று தோன்றாமல், சிநேகிதி கேட்கிறாள் என்ற நினைப்பில், கொப்பளி, சரியாகிவிடும் என்று அக்காவும் எழுதிவிட்டாள். கையில் மெழுகு, யோசிக்க எங்கே நேரம்?

அடுத்த வாரம் ஒரு குரல் செய்தி வந்தது. வாயே திறக்காமல் பேசுகிற குரல்.

"வீட்ல ஆஸ்பத்திரிக்குப் போன்னாங்க. எனக்குத்தான் டாக்டர் அக்கா இருக்காங்களேன்னு நான்தான் போகல. இப்ப வாய் திறக்கவே முடியலக்கா."

அக்காவின் கையிலிருந்த பல் கீழே உருண்டது. உடனே கூப்பிட்டாள்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. நான் டாக்டர் இல்லம்மா. பல் கட்டறவ. அங்க போட்டிருக்கறது பொய்."

சிநேகிதி ஃபோனை வைத்துவிட்டாள்.

அக்கா என்னிடம் ஃபோனை நீட்டி, இருக்கிறபடியே படம் எடுக்கச் சொன்னாள். மாவு அப்பிய ஏப்ரன், தழும்பு, பின்னால் வரிசையாய் இளிக்கும் பல்செட்டுகள். அதைத் தன் பக்கத்திலும் குழுவிலும் போட்டாள். தான் மருத்துவர் இல்லை, பொய் என்று தெரிந்தும் விட்டுவைத்தது தன் தப்பு, தன் பேச்சைக் கேட்டு யாராவது வைத்தியம் செய்துகொண்டிருந்தால் உடனே டாக்டரைப் பார்க்கவும் என்று எழுதினாள்.

சாயங்காலமே தம்பி லேப் வாசலில் வந்து நின்றான். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டார்களாம், மானம் போயிற்றாம், உடனே அழிக்க வேண்டுமாம். அழித்தால்தான் அக்கா, இல்லாவிட்டால் உறவே வேண்டாம் என்றான். அக்கா எழுந்திருக்கக்கூட இல்லை.

"அழிக்க மாட்டேன். அவங்க என் மூஞ்சியவா கட்டிக்கப் போறாங்க? நீ போட்ட பொய்யால ஒருத்தி வாய் பேச முடியாம கிடக்கறா. அவகிட்ட போய்ச் சொல்லு உன் மானத்த."

தம்பி விருட்டென்று போய்விட்டான். அப்புறம் அக்கா அடுக்கிய பல் ஒன்றும் சரியாக உட்காரவில்லை. ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையல்காரியிடமிருந்து அன்று ஒன்றும் வரவில்லை, மறுநாளும் இல்லை. குழுவில் சிலர் கன்னாபின்னாவென்று திட்டியிருந்தார்கள். எதையும் அவள் அழிக்கவில்லை. திட்டு வாங்க வேண்டியதுதான் என்றாள்.

மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில், தாடையைச் சுற்றிக் கட்டு, ஒரு பக்கம் பூசணியாய் வீங்கிய முகம். கீழே எழுதியிருந்தாள்: "கீறிச் சீழ எடுத்துட்டாங்க. உங்க மேல கோபம் இன்னும் போகல. ஆனா நீங்க உங்க மூஞ்சியக் காட்டிட்டீங்க, இது என்னோடது. என் செடிக்கு யார் தண்ணி ஊத்துவாங்களோ தெரியல."

அக்கா தழும்பு இழுபட அழுதாள்.